பசுமைக் கட்டடச் சான்று இருந்தால் ஆபீஸ் வாடகை கூடுமா? - ஓஎம்ஆர் கணக்கும் உளுந்தூர்பேட்டை கணக்கும்

வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி ஊருக்குப் போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டை என்றால் ஒரு திருப்பம், அவ்வளவுதான். நேராகப் போனால் திருச்சி. வலப்பக்கம் திரும்பினால் கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம். பாதித் தூக்கத்தில் கடந்துபோகிற ஊர்.

அந்த ஊர் 2023 ஏப்ரலில் செய்திக்கு வந்தது. பிராண்டட் ஸ்போர்ட்ஸ் ஷூ தயாரிப்பில் உலகிலேயே மிகப் பெரிய நிறுவனம் தைவானின் பௌ சென். அந்தக் குழுமத்தைச் சேர்ந்த ஹை குளோரி ஃபுட்வேர், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 2,302 கோடி ரூபாயில் தோல் அல்லாத காலணித் தொழிற்சாலை அமைக்கத் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை என்பது திட்டம். இடம், உளுந்தூர்பேட்டை சிப்காட்.

இப்படி ஒரு ஆலை வருகிற ஊரில் அதன் பின்னாலேயே ஆபீஸ்களும் வரும். சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி, வங்கிக் கிளை, ஆள் எடுத்துக் கொடுக்கும் நிறுவனம், தரப் பரிசோதனைக் கூடம் என்று ஒவ்வொன்றாக இடம் தேடும். ரோட்டோரம் நிலம் வைத்திருப்பவர் நாலு மாடி எழுப்பலாமா என்று யோசிப்பார். அந்த நேரத்தில் யாராவது ஒரு ஆர்க்கிடெக்ட் சொல்வார்: "கிரீன் பில்டிங் சர்டிபிகேட் வாங்கிடுங்க சார். பெரிய கம்பெனியா வரும், வாடகையும் கூட கிடைக்கும்."

உண்மையா? சென்னை ஓஎம்ஆரில் அது பாதி உண்மை. உளுந்தூர்பேட்டையில் வேறு மாதிரி உண்மை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில், அந்தச் சான்று என்ன சொல்கிறது?

பெரிய ஐடி வளாகங்களின் வரவேற்பறையில் கண்ணாடித் தகடு ஒன்று மாட்டியிருக்கும். இலைப் படம், அதன் கீழே ‘கோல்டு’ அல்லது ‘பிளாட்டினம்’. தினமும் அதைத் தாண்டித்தான் ஊழியர்கள் லிஃப்டுக்குப் போகிறார்கள். அது அரசு கொடுத்த பட்டம் இல்லை. கட்டடத்தை ஒரு அமைப்பு பரிசோதித்துப் போட்ட மதிப்பெண்.

இந்தியாவில் அதிகம் கேள்விப்படுகிற பெயர் ‘லீட்’. அமெரிக்காவின் பசுமைக் கட்டடக் கவுன்சில் உருவாக்கியது. மொத்தம் 110 மதிப்பெண். 40 வாங்கினால் சாதாரணச் சான்று, 50 என்றால் சில்வர், 60 கோல்டு, 80-க்கு மேல் பிளாட்டினம். மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள், உள்ளே சுற்றும் காற்றின் தரம், பஸ்ஸோ ரயிலோ பிடிக்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது வரை மதிப்பெண் உண்டு.

உள்நாட்டிலும் இருக்கிறது. இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கீழ் 2001-ல் ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில் (ஐஜிபிசி) தனக்கென்று தர அளவீடுகள் வைத்திருக்கிறது. டெரி நிறுவனமும் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் கொண்டுவந்தது ‘கிரிஹா’. அரசுக் கட்டடங்களில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி நடத்தும் ‘எட்ஜ்’ கொஞ்சம் எளிது: மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருளில் பொதிந்த ஆற்றல் மூன்றிலும் 20 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும்.

இவற்றோடு சேர்த்துப் பேசப்படாத இன்னொன்று உண்டு. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் நட்சத்திரம் ஒட்டும் அதே எரிசக்தித் திறன் பணியகம், 2009 முதல் ஆபீஸ் கட்டடங்களுக்கும் நட்சத்திரம் கொடுக்கிறது. அதன் தொடக்கத் திட்டத்தில் கணக்கு ரொம்ப நேரடி. ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் கரன்ட் எரிந்தது? சென்னை மாதிரி வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பகுதியில், பெரும்பகுதி ஏசி போட்ட ஆபீஸ் 200 யூனிட்டுக்குள் இருந்தால் 1 நட்சத்திரம். 100-க்குக் கீழே வந்தால் 5. வரைபடத்தையோ வாக்குறுதியையோ பார்ப்பதில்லை, மீட்டரைப் பார்க்கிறார்கள். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சென்னைக்கு எப்போது வந்தது?

தொடக்கம் ஹைதராபாத்தில். அங்குள்ள சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003-ல் லீட் பிளாட்டினம் வாங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தரம் பெற்ற முதல் கட்டடம் அது. அடுத்த ஆண்டு ஜூலையில் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார்.

சென்னை ரொம்பத் தாமதிக்கவில்லை. துரைப்பாக்கத்தில் பம்ப் தயாரிக்கும் கிரண்ட்ஃபோஸ் நிறுவனம் தன் சொந்த அலுவலகத்துக்கு 2005-ல் கோல்டு வாங்கியது. நாட்டின் முதல் கோல்டு கட்டடம் என்று பெயர். கிண்டி ஒலிம்பியா டெக் பார்க் வந்ததும் விஷயம் மாறியது. முன்னதில் சொந்தக் கம்பெனிக்குச் சொந்தக் கட்டடம். பின்னது வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டப்பட்ட ஐடி வளாகம், அதுவும் 18 லட்சம் சதுர அடி அளவில். உலகின் மிகப் பெரிய கோல்டு கட்டடங்களில் ஒன்று என்று விளம்பரமானது. பசுமை என்பது அங்கிருந்துதான் வாடகைச் சந்தையின் சரக்கானது.

இன்று நிலைமை எங்கேயோ போய்விட்டது. அமெரிக்காவைத் தவிர்த்து மற்ற நாடுகளை வரிசைப்படுத்தும் லீட் பட்டியலில் 2024-ல் சீனா, கனடாவுக்கு அடுத்து இந்தியா மூன்றாவது. அந்த ஒரே ஆண்டில் 370 கட்டடங்கள், 85 லட்சம் சதுர மீட்டர்.

வாடகைக்கு வருகிறவர் ஏன் இதைக் கேட்கிறார்?

இயற்கை மேல் பாசம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கட்டாயங்கள் இருக்கின்றன.

ஓஎம்ஆரிலும் போரூரிலும் பெரிய இடம் எடுப்பவர்களில் வெளிநாட்டு நிறுவனங்களின் உலகளாவியத் திறன் மையங்கள் அதிகம். அவர்களுடைய தாய் நிறுவனம் ‘இத்தனையாவது ஆண்டுக்குள் கார்பனைக் குறைப்போம்’ என்று ஊரறியச் சொல்லியிருக்கும். மைக்ரோசாஃப்ட் 2030-க்குள் வெளியிடுவதைவிட அதிகக் கார்பனை அகற்றுவதாக 2020-லேயே அறிவித்தது. அந்தக் கணக்கில் உலகெங்கும் உள்ள ஆபீஸ்கள் எரிக்கும் மின்சாரமும் சேரும். எனவே சென்னையில் இடம் பார்க்கும் அதிகாரி கையில் ஒரு பட்டியல் இருக்கும். முதல் பக்கத்திலேயே ‘சான்று உண்டா?’ என்ற கட்டம். இல்லை என்றால் அந்தக் கட்டடத்தை நேரில் பார்க்கவே வருவதில்லை. பேரம் பேசி வாடகையைக் குறைக்க வாய்ப்பு இருந்தும், பேச்சே தொடங்காது.

இந்திய நிறுவனங்களுக்கும் கயிறு இறுகியிருக்கிறது. பங்குச் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், எரிசக்தி, தண்ணீர், கழிவு பற்றிய தனி அறிக்கையை 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயம் தர வேண்டும் என்பது செபி விதி. வாடகைக் கட்டடத்தில் இருந்தாலும் எண்கள் வேண்டும். கட்டட நிர்வாகம் அந்த எண்களைச் சேகரித்துக் கொடுத்தால் கம்பெனிக்கு வேலை மிச்சம்.

மூன்றாவது காரணம், பணம் போடுகிறவர்கள். ஆபீஸ் வளாகங்களைப் பங்குபோலப் பிரித்து விற்கும் ‘ரீட்’ முறை இந்தியாவில் 2019 ஏப்ரலில் எம்பசி நிறுவனத்தோடு சந்தைக்கு வந்தது. அதே எம்பசி ரீட் 2024-ல் பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலையில் உள்ள ஸ்பிளெண்டிட் டெக்ஸோன் வளாகத்தை வாங்கியது. இத்தகைய முதலீட்டாளர்கள் நாளைக்கு விற்றால் விலை போகுமா என்று பார்த்துத்தான் கட்டடம் வாங்குவார்கள். அவர்களிடம் விற்க நினைக்கும் பில்டர் இன்றைக்கே சான்று வாங்கி வைத்துக்கொள்கிறார்.

தண்ணீர் கதையையும் சேர்க்க வேண்டும். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஓஎம்ஆர் ஐடி நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கிறதா? கொரோனாவுக்கு முந்தைய ‘ஒர்க் ஃப்ரம் ஹோம்’ அது. லாரித் தண்ணீர் நின்றால் கழிப்பறை நிற்கும், ஏசியின் கூலிங் டவர் நிற்கும், வேலை நிற்கும். கழிவுநீரைச் சுத்திகரித்து ஃப்ளஷ்ஷுக்கும் கூலிங் டவருக்கும் திருப்பிவிடும் கட்டடத்துக்கு அந்தக் கோடையில் இருந்த மதிப்பை எந்தத் தகடும் சொல்லிவிட முடியாது. (மழைநீர் சேகரிப்பு வேறு ஊர்களில் மதிப்பெண் வாங்கித் தரும் சமாச்சாரம். தமிழ்நாட்டில் 2003 முதல் அது சட்டம்!)

சரி, வாடகை கூடுகிறதா இல்லையா?

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை சொத்து ஆலோசனை நிறுவனங்களின் அறிக்கைகளிலிருந்து வருபவை. கட்டடத்தை வாடகைக்கு விட்டுக் கமிஷன் வாங்குபவர்களும் அவர்களே என்பதால் கொஞ்சம் உப்பு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. புதிதாக, நல்ல இடத்தில், நல்ல பில்டர் கட்டியதற்குத்தான் பெரும்பாலும் சான்றும் இருக்கிறது. வாடகை அதிகம் என்றால் அது பசுமைக்கா, லொகேஷனுக்கா, லிஃப்ட் வேகமாக வருவதற்கா என்று பிரிப்பது கஷ்டம்.

இதைப் பிரித்துப் பார்க்க முயன்றதில் பெயர்பெற்றது, ஐக்ஹோல்ட்ஸ், காக், குவிக்லி என்ற மூன்று பொருளியலாளர்கள் 2010-ல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் சான்று பெற்ற சுமார் 700 வாடகை ஆபீஸ்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அதைச் சுற்றிக் கால் மைலுக்குள் இருக்கும் சாதாரணக் கட்டடங்களோடு ஒப்பிட்டார்கள். ஒரே தெரு, ஒரே பஸ் ஸ்டாப். ஆகவே லொகேஷன் சிக்கல் குறைகிறது. பசுமைக் கட்டடத்தில் வாடகை சதுர அடிக்கு சுமார் 3 சதவீதம் அதிகம். காலி இடம் குறைவாக இருப்பதையும் சேர்த்தால் ஓனர் கைக்கு வருவது 6 சதவீதத்துக்கு மேல் அதிகம். விற்பனை விலையோ சுமார் 16 சதவீதம் கூடுதல்.

அதாவது, வாடகையில் பெரிய ஏற்றம் இல்லை. இடம் சீக்கிரம் நிரம்புகிறது, வந்தவர் காலி செய்வதில்லை, விற்றால் நல்ல விலை. லாபம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

அந்த ஆய்வில் அவ்வளவாகப் பேசப்படாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, வாடகை ஏற்றம் தெளிவாகத் தெரிந்தது மின்சாரச் சிக்கனத்தை மட்டும் அளக்கும் ‘எனர்ஜி ஸ்டார்’ முத்திரைக்கு. லீட் முத்திரைக்கு அப்போது உறுதியான ஏற்றம் தெரியவில்லை. இரண்டாவது, சதவீதக் கணக்கில் பார்த்தால் இந்த ஏற்றம் பெரிய நகரங்களின் விலை உயர்ந்த பகுதிகளைவிட, சிறிய ஊர்களிலும் மலிவான பகுதிகளிலும்தான் அதிகம்.

இது எப்படி? ஆபீஸ் சந்தையில் ‘3-30-300’ என்று ஒரு சொலவடை உண்டு. ஒரு கம்பெனி கரன்ட், தண்ணீருக்கு 3 ரூபாய் செலவழித்தால் வாடகைக்கு 30, சம்பளத்துக்கு 300 போகும் என்பது தோராயக் கணக்கு. பெருநகரில் வாடகை பிரம்மாண்டம். அதன் பக்கத்தில் கரன்ட் பில் சில்லறை. வாடகை மலிவான ஊரில் கரன்ட் யூனிட் விலை மலிவாகிவிடுவதில்லை. ஏசி அதே கரன்ட்டைத்தான் தின்கிறது. அங்கே பில் கண்ணை உறுத்தும்.

அந்த 300 பற்றியும் ஒரு வார்த்தை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015-ல் 24 பேரை ஆறு நாட்கள் சோதனை ஆபீஸில் உட்கார வைத்துக் காற்றின் தரத்தை மாற்றிப் பார்த்தார்கள். சாதாரணக் கட்டடச் சூழலைவிடப் பசுமைச் சூழலில் சிந்தனைத் திறன் மதிப்பெண் சராசரியாக 61 சதவீதம் கூடியது. பில்டர்களின் விளம்பரங்களில் இந்த எண் அடிக்கடி வரும். 24 பேர் என்பது மட்டும் வராது. மதியம் மூன்று மணிக்கு மூடிய மீட்டிங் ரூமில் தூக்கம் சொக்குவது டெவலப்பர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், என்றாலும் அதை வைத்து வாடகை நிர்ணயிக்க முடியாது.

தகடு யாருடையது, பில் யாருடையது?

இங்கேதான் முடிச்சு. நல்ல கண்ணாடி, கூரைக்கு வெப்பத்தடுப்பு, திறமையான சில்லர் எல்லாவற்றுக்கும் பணம் போடுவது ஓனர். அதனால் குறையும் கரன்ட் பில்லை அனுபவிப்பது வாடகைதாரர். ‘நான் ஏன் செலவு பண்ணணும்?’ என்று ஓனர் நினைப்பதும், ‘அஞ்சு வருஷத்துல காலி பண்ற இடத்துக்கு நான் ஏன் பண்ணணும்?’ என்று வாடகைதாரர் நினைப்பதும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கு நடுவில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கிறது.

வெளிநாடுகளில் இதற்குப் ‘பசுமைக் குத்தகை’ என்று ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு சேர்க்கிறார்கள். ஓனர் முதலீடு செய்வார். மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை வாடகைதாரர் குறிப்பிட்ட காலம் வரை அவருக்குத் தருவார். இரு தரப்பும் மீட்டர் கணக்கைப் பகிர்ந்துகொள்ளும். படிக்க எளிது. இங்கே பெரும்பாலான ஒப்பந்தங்களில் வாடகை, அட்வான்ஸ், பராமரிப்புக் கட்டணம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எவ்வளவு ஏற்றம், லாக்-இன் காலம் ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சான்றுக்குள்ளேயே இன்னொரு பிரிவினை இருப்பது பலருக்குத் தெரியாது. பில்டர் வாங்குவது பெரும்பாலும் ‘கோர் அண்ட் ஷெல்’ சான்று. கட்டடத்தின் எலும்புக்கூடு, வெளிச்சுவர், லிஃப்ட், பொது ஏசி அமைப்பு இவற்றுக்கானது. நீங்கள் உட்காரும் தளத்தில் போட்ட விளக்கு, பார்ட்டிஷன், கார்பெட், சர்வர் அறை ஏசி எதுவும் அதில் இல்லை. அதற்கு உள் அலங்காரத்துக்கான தனிச் சான்று உண்டு; அதை வாடகைதாரர்தான் வாங்க வேண்டும். வாசலில் பிளாட்டினம், நாலாவது மாடியில் பழைய டியூப் லைட் என்பதும் சாத்தியம்.

அதோடு, கட்டி முடிக்கும் முன்பே வரைபடத்தை வைத்துத் தரும் ‘முன்சான்று’ ஒன்று இருக்கிறது. விளம்பரப் பலகையில் இலைப் படம் வந்துவிடும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘ப்ரீ-சர்டிஃபைட்’ என்று இருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தப் பொடி எழுத்தைப் படிப்பது நல்லது.

தகடு இருந்தால் கரன்ட் குறையுமா?

கனடாவின் தேசிய ஆய்வுக் கவுன்சிலைச் சேர்ந்த நியூஷம் குழுவினர் 2009-ல் லீட் கட்டடங்களின் உண்மையான பயன்பாட்டை எடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகச் சதுர அடிக்கு 18 முதல் 39 சதவீதம் வரை குறைவாக எரித்தன. நல்லது. ஆனால் 28 முதல் 35 சதவீதக் கட்டடங்கள், சான்றே இல்லாத தங்கள் ஜோடிகளைவிட அதிகமாக எரித்தன. சராசரிக்கு வாக்குறுதி கொடுக்கலாம், தனிக் கட்டடத்துக்குக் கொடுக்க முடியாது.

காரணம் புரியாததல்ல. புதிய கட்டடத்துக்கான லீட் சான்று ஒருமுறை வாங்கினால் காலாவதி ஆவதில்லை. சான்று வழங்கிய நாளில் கட்டடம் எப்படி வடிவமைக்கப்பட்டிருந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. அதன்பின் 20 டிகிரியில் ஏசி வைத்து, ஞாயிற்றுக்கிழமையும் விளக்கு எரியவிட்டால் தகடு கீழே விழாது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதற்கு ஒரு சொந்த உதாரணம் உண்டு. ஓமந்தூரார் வளாகத்தில் புதிய சட்டமன்றக் கட்டடம் 2010 மார்ச் 13 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்கால் திறக்கப்பட்டது. ஜெர்மானிய நிறுவனம் வடிவமைத்தது; பசுமைக் கட்டடமாகவே திட்டமிட்டு, லீட் கோல்டு தரம் பெற்ற சட்டமன்றம். அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. சட்டமன்றம் மறுபடி கோட்டைக்குப் போனது. 2014 பிப்ரவரியில் அந்தக் கட்டடம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையானது. அரசியல் சரி தவறுகள் ஒருபுறம் இருக்கட்டும். வருஷத்தில் சில வாரம் கூடும் அவைக்குப் போட்ட எரிசக்திக் கணக்கும், 24 மணி நேரமும் ஐசியூ ஓடும் மருத்துவமனைக்கான கணக்கும் ஒன்றாக இருக்க முடியுமா? கட்டடம் அதேதான். பயன்பாடு வேறு.

இதைப் புரிந்துகொண்ட சில நாடுகள் தகட்டை விட்டுவிட்டுச் சட்டத்துக்குப் போய்விட்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எரிசக்தித் தரத்தில் ‘இ’க்குக் கீழே உள்ள வணிகக் கட்டடத்தை 2018 ஏப்ரல் முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது, சில விலக்குகள் தவிர. நெதர்லாந்தில் 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஆபீஸ் என்றால் 2023 ஜனவரி முதல் குறைந்தது ‘சி’ தரம் வேண்டும். இல்லாவிட்டால் ஆபீஸாகவே பயன்படுத்தக் கூடாது. அங்கெல்லாம் கேள்வி ‘வாடகை எவ்வளவு கூடும்?’ என்பதில்லை; வாடகைக்கு விட முடியுமா முடியாதா என்பதுதான். இந்தியாவில் 2022-ல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 100 கிலோவாட் மின்சுமைக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு எரிசக்திச் சேமிப்பு மற்றும் நிலைத்த கட்டட விதிகளைக் கொண்டுவர வழி செய்கிறது. அந்த அளவு, ஒரு டெக் பார்க்குக்குப் பொருந்தும். தாலுகா தலைநகரின் நாலு மாடிக்குப் பொருந்துமா என்பது ஏசி எத்தனை டன் என்பதைப் பொறுத்தது.

இப்போது உளுந்தூர்பேட்டைக்குத் திரும்புவோம்

ஒரு கணக்குப் போடலாம். எண்கள் எல்லாம் புரிதலுக்காக எடுத்துக்கொண்டவை.

ரோட்டோரம் 5,000 சதுர அடி ஆபீஸ், அதாவது சுமார் 465 சதுர மீட்டர். முழுக்க ஏசி. சுமாராகக் கட்டியிருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 150 யூனிட் என்று வைப்போம். நன்றாகக் கட்டினால் 100. வித்தியாசம் 50 யூனிட். மொத்தக் கட்டடத்துக்கு 23,250 யூனிட். வணிக இணைப்பில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,32,500 ரூபாய். மாதத்துக்கு 19,375. சதுர அடிக்குப் பிரித்தால் ஏறக்குறைய 3 ரூபாய் 90 காசு.

ஓஎம்ஆரில் வாடகை சதுர அடிக்கு 70 ரூபாய் என்று வைத்தால் இந்த 3.90 வெறும் 5.5 சதவீதம். உளுந்தூர்பேட்டையில் வாடகை 20 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள். 19 சதவீதம்! வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு. மேலே சொன்ன ஆய்வு சிறிய ஊர்களில் ஏற்றம் அதிகம் என்றது இங்கே கைக்கணக்கிலேயே தெரிகிறது.

மிச்சத்தை ஓனரும் வாடகைதாரரும் பாதிப்பாதி பிரித்துக்கொண்டால் ஓனருக்கு ஆண்டுக்கு சுமார் 1,16,000 ரூபாய். கூரை வெப்பத்தடுப்பு, மேற்குச் சுவருக்கு நிழல், நல்ல ஏசி இவற்றுக்குக் கூடுதலாக 6 லட்சம் ஆனது என்றால் ஐந்தாண்டு சொச்சத்தில் எடுத்துவிடலாம். (முழுக்க ஏசி இல்லாமல் ஃபேன் காற்றில் ஓடும் ஆபீஸ் என்றால் மிச்சமும் குறையும், கணக்கும் மாறும்.)

ஆனால் இதில் சான்றிதழ் எங்கே வந்தது? வரவே இல்லை. பதிவுக் கட்டணம், ஆலோசகர் சம்பளம், கம்ப்யூட்டரில் எரிசக்தி மாடல் போடும் செலவு, கட்டுக்கட்டாக ஆவணம் ஆகியவை கட்டடம் சிறியதென்று அதே அளவுக்குச் சுருங்குவதில்லை. 10 லட்சம் சதுர அடியில் அது கரைந்துவிடும். 5,000 சதுர அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். இன்றைய தேதியில் அங்கே வாடகைக்கு வரக்கூடிய கோச்சிங் சென்டரோ நகைக்கடன் நிறுவனமோ பிளாட்டினமா கோல்டா என்று கேட்கப்போவதில்லை. நகைக்கடன் நிறுவனத்துக்குக் கோல்டு என்றால் வேறு அர்த்தம்.

ஆக, பெருநகரில் தகட்டுக்கு மதிப்பு, மிச்சத்துக்கு மதிப்புக் குறைவு. சின்ன ஊரில் மிச்சத்துக்கு மதிப்பு, தகட்டைக் கேட்க ஆள் இல்லை.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்கள் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சென்னையைப் பார்த்து மேற்கு முகம் முழுக்கக் கண்ணாடி ஒட்டுவது சின்ன ஊர்களிலும் ஃபேஷனாகிவிட்டது. கள்ளக்குறிச்சி மாவட்டத்து மே மாத மதிய வெயிலுக்கு அது ஏசிக்காரருக்கு எழுதிக் கொடுத்த செக். பழைய வீடுகளின் தாழ்வாரமும் சன்னலுக்கு மேல் நீண்ட சன்ஷேடும் வெயிலைச் சுவரைத் தொடவிடாமல் செய்தன. அதையே இன்றைய முகப்பில் செய்ய முடியும். மொட்டை மாடிக்கு வெப்பத்தைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சோ வெள்ளை டைல்ஸோ போட்டால் மேல் மாடி ஏசியின் பாரம் குறையும். தெலங்கானா அரசு இதற்கென்றே 2023-ல் ‘கூல் ரூஃப்’ கொள்கை கொண்டுவந்து, அரசு மற்றும் வணிகக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயம் ஆக்கியது.

நாளைக்குக் கேட்க ஆள் வருமா?

வரலாம். ஷூ ஆலைகளின் வாடிக்கையாளர்கள் சர்வதேச பிராண்டுகள். தங்கள் பொருளைத் தைக்கும் ஆலையிடம் கரன்ட், தண்ணீர், கழிவுக் கணக்கு கேட்பது அவர்களிடம் வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வித்தாள் ஆலையிலிருந்து அதற்குச் சேவை தரும் சின்ன நிறுவனங்களுக்கும், அவர்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்துக்கும் இறங்கி வரும் காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை.

இன்னொரு பக்கம், ஐடி வேலையும் ஓஎம்ஆரை விட்டு நகர்கிறது. ஸோஹோ 2011-லேயே தென்காசி மத்தளம்பாறைக்குப் போனது. மாநில அரசு 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் திருச்சிற்றம்பலத்தில் 63,000 சதுர அடியில் முதல் மினி டைடல் பூங்காவைத் திறந்தது. அதே ஆண்டு தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என்று தொடர்ந்தது. உளுந்தூர்பேட்டையில் இருந்து வலப்பக்கத்துச் சாலை போய்ச் சேரும் சேலமும், வந்த வழியில் இருக்கும் விழுப்புரமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இத்தகைய இடங்களுக்கு வரும் கம்பெனிகளில் சில, சென்னையில் கேட்ட அதே கேள்விகளைக் கையோடு கொண்டுவரும்.

அப்படியே வந்தாலும், சொந்த ஊரில் பத்துப் பேரோடு ஸ்டார்ட்-அப் தொடங்க இடம் பார்க்கிறவர் தகட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓனரிடம் கடைசி ஓராண்டு கரன்ட் பில்லைக் கேட்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் வருகிற இணைப்பு என்றால் ஆறு பில். கோடையில் எத்தனை லாரித் தண்ணீர் வாங்கினீர்கள் என்று விசாரிக்கலாம். புதுக் கட்டடம், பில் இல்லை என்றால், மதியம் மூன்று மணிக்குப் போய் மேல் மாடியில் மேற்குப் பக்கச் சுவரில் கை வைத்துப் பார்க்கலாம்.